பக்கவாதம்: காக்கும் மருந்து காயப்படுத்தாதிருக்க



கப்பர்நகூமில் திமிர்வாதக்காரன் ஒருவனை நான்கு பேர் சுமந்து வந்ததையும், உள்ளே நுழைய வழியில்லாதபோது வீட்டின் கூரை வழியாகவே அவனை இயேசுவின் முன் இறக்கியதையும் ஞாயிறு பள்ளி நாட்களிலிருந்தே கேட்டிருக்கிறோம். பிரசங்கங்களில் அந்த நால்வரின் விசுவாசத்தைக் குறித்து அதிகம் பேசுவோம். மருத்துவ ஊழியத்தில் இருப்பவர்களுக்கு அவர்களுடைய அவசரமும் கண்ணில் படும். கூட்டம் அதிகமாயிருக்கிறது, நாளைக்கு வருவோம் என்று அவர்கள் திரும்பிப் போகவில்லை. இந்த மாத மருத்துவப் பாடம், நம்முடைய நாட்களில் அப்படிச் சுமந்து வருகிறவர்களுக்காகவும், அவர்களைத் தாங்கும் உங்களுக்காகவும் எழுதப்படுகிறது.

வேதாகமத்தில் திமிர்வாதம் என்று வாசிப்பது எல்லாமே ஒரே நோய் என்று சொல்ல முடியாது. நம் ஜனங்கள் "ஒரு பக்கம் இழுத்துவிட்டது", "கை கால் விழுந்துவிட்டது" என்று சொல்லும் பக்கவாதத்தைக் குறித்தே இங்கே பேசுகிறோம். அதிலும் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபடுவதால் வரும் பக்கவாதத்தைக் குறித்து.

ஆதரவாளர்கள் சிலர் நல்ல மனதோடு ஒரு கேள்வி கேட்பதுண்டு. "பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று வந்திருக்கிறதாமே, விலை அதிகமாமே, அதை வாங்கி உங்கள் ஆஸ்பத்திரியில் வைக்க எங்கள் சபை காணிக்கை அனுப்பலாமா?" என்பது அந்தக் கேள்வி. சி.டி. ஸ்கேன் இல்லாத ஒரு மருத்துவமனையின் அலமாரியில் அந்த ஊசி இருக்கக்கூடாது என்பதே அதற்குப் பதில். ஏன் என்பதை விளக்கவே இந்தப் பாடம். பதில் உங்களுக்குச் சற்று ஏமாற்றமாயிருந்தாலும் கடைசிவரை வாசியுங்கள். அந்தக் காணிக்கை செய்யக்கூடிய வேறு காரியங்கள் உண்டு.

அடைப்பும் கசிவும்

புதுக்கோட்டைச் சீமையில் வளர்ந்தவர்களுக்குக் கண்மாயும் வாய்க்காலும் தெரியும். கண்மாயிலிருந்து வரும் வாய்க்காலில் ஓரிடத்தில் அடைத்துக்கொண்டால் அதற்குக் கீழே இருக்கும் வயல் காய்கிறது. அடைப்புக்கு நேரே உள்ள பயிர் சீக்கிரம் கருகிப்போகும். சுற்றியுள்ள பயிர், பக்கத்து வயலிலிருந்து கசியும் கொஞ்சத் தண்ணீரில் வாடிக்கொண்டே சற்று நேரம் உயிரோடிருக்கும். அடைப்பைச் சீக்கிரம் எடுத்தால் வாடிய பயிர் நிமிரும். தாமதித்தால் அதுவும் கருகும். மூளையிலும் ஏறக்குறைய இதுவே நடக்கிறது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பு அணுக்கள் அழிவதாக 2006ல் ஒரு கணக்கு வெளியானது.

ஆனால் எல்லாப் பக்கவாதமும் அடைப்பு அல்ல. சிலருக்குக் குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிந்திருக்கும். வெளியே பார்க்கிறபோது இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதே கோணிய வாய், அதே தொங்கும் கை, அதே குழறும் பேச்சு. எத்தனை வருட அனுபவம் உள்ள டாக்டரானாலும் கட்டில் பக்கத்தில் நின்று இதுவா அதுவா என்று நிச்சயமாய்ச் சொல்ல முடியாது. சி.டி. ஸ்கேன்தான் சொல்லும். இரத்தக் கசிவு உள்ளவருக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த ஊசிக்கு ஆல்டிப்ளேஸ் என்று பெயர். 1995ல் அமெரிக்காவில் 624 நோயாளிகளிடம் செய்த ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. நோய் தொடங்கிய 3 மணி நேரத்துக்குள் இந்த மருந்தைப் பெற்றவர்களில், மூன்று மாதம் கழித்து ஊனம் இல்லாமல் அல்லது மிகக் குறைந்த ஊனத்தோடு இருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம். அதே ஆராய்ச்சி இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னது. மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 6.4 பேருக்கு மூளைக்குள் இரத்தம் கசிந்து நிலை மோசமானது. வெற்று மருந்து பெற்றவர்களில் அது 0.6 மட்டுமே. அப்படியிருந்தும் மொத்தத்தில் மரணம் கூடவில்லை, நடந்து வீடு திரும்பியவர்கள் கூடினார்கள். ஆகவே 1996ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. 2008ல் ஐரோப்பாவில் நடந்த ஆராய்ச்சிக்குப் பின் கால வரம்பு நாலரை மணி நேரமாயிற்று. அந்த நாலரை மணி நேரமும் ஒரே மதிப்புள்ளதல்ல. முதல் மணி நேரத்தில் கிடைக்கும் நன்மை கடைசி அரை மணி நேரத்தில் கிடைப்பதில்லை.

பெரிய குழாய் அடைபட்டவர்களுக்குத் தொடை வழியாகக் கம்பி செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கும் முறை 2015 முதல் நிலைபெற்றிருக்கிறது. தெரிந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரை அது உதவும். அதற்கு வேண்டிய நிபுணர்கள் பெரிய நகரங்களிலேயே இருப்பதால் இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

எடை, நேரம், பெயர்

ஆல்டிப்ளேஸின் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.9 மி.கி. எவ்வளவு எடையானாலும் 90 மி.கி.க்கு மேல் கூடாது. அதில் பத்தில் ஒரு பங்கை உடனே செலுத்தி, மீதியை ஒரு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாய் ஏற்ற வேண்டும். 50 கிலோ எடையுள்ள தாயாருக்கு 45 மி.கி. முதலில் 4.5, பிறகு 40.5. படுத்த படுக்கையாய் வந்தவரை எப்படி நிறுக்கிறது? "ஒரு அறுபது கிலோ இருப்பார்" என்று கண்ணால் மதிப்பிட்டால் 54 மி.கி. போய்விடும். ஒன்பது மி.கி. அதிகம். வேறு மருந்தில் இது சின்ன வித்தியாசம். இதில் அப்படி அல்ல. நோயாளியைக் கிடத்தியபடியே நிறுக்கும் படுக்கைத் தராசு ஒரு மருந்துப் பாதுகாப்புச் சாதனம் என்று சொன்னால் பலருக்கு வியப்பாயிருக்கும்.

டெனெக்டிப்ளேஸ் என்ற இன்னொரு மருந்தும் இப்போது உண்டு. ஒரு மணி நேரம் சொட்ட விடாமல் ஒரே ஊசியாகப் போட்டுவிடலாம். நோயாளியை வேறு ஊருக்கு அனுப்ப வேண்டிய நம்முடைய பகுதிகளுக்கு இது பெரிய வசதி. இந்தியாவில் 2016லேயே பக்கவாதத்துக்கு இதை அனுமதித்தார்கள், கிலோவுக்கு 0.2 மி.கி. என்ற அளவில். கனடாவில் 1600 பேரிடம் நடந்து 2022ல் வெளியான ஆராய்ச்சி, 0.25 மி.கி. அளவில் இது ஆல்டிப்ளேஸுக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. 2025ல் அமெரிக்காவும் அனுமதித்தது.

ஆனால் இதே மருந்து மாரடைப்புக்கும் பயன்படுகிறது. அங்கே அளவு வேறு. 60 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ளவருக்கு மாரடைப்பில் 30 மி.கி. நம்முடைய அந்த 50 கிலோ தாயாருக்குப் பக்கவாதம் என்றால் 0.2 வீதம் 10 மி.கி.தான். மாரடைப்புக்கென்று பழகிய கை, இரவு இரண்டு மணிக்கு, பழக்கப்படி குப்பி முழுவதையும் ஏற்றிவிட்டால் மூன்று மடங்கு மருந்து போய்விடும். திரும்ப எடுக்க வழியில்லை. இதனால்தான் நல்ல மருத்துவமனைகளில் சில ஒழுங்குகள் வைத்திருக்கிறார்கள். பக்கவாதத்துக்கான குப்பியைத் தனியே வைக்கிறார்கள். ஆல்டிப்ளேஸ், டெனெக்டிப்ளேஸ் இரண்டையும் சுருக்கெழுத்தில் குறிப்பதில்லை, பெயரை முழுவதும் எழுதுகிறார்கள், ஏனென்றால் அந்த இரண்டு சுருக்கங்களும் ஒன்றோடொன்று குழம்பியிருக்கின்றன. அளவை இருவர் தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிடுகிறார்கள். தேவைக்கு மேற்பட்ட மருந்தை ஊசி போடுவதற்கு முன்பே வெளியே கொட்டிவிடுகிறார்கள். விலையுயர்ந்த மருந்தைக் கொட்டுவதைப் பார்க்கிறவர்களுக்கு மனம் வலிக்கும். கொட்டுவதே சரி.

ஊசி போட்டபின் வேலை முடிந்துவிடுவதில்லை. முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை, அடுத்த ஆறு மணி நேரம் அரை மணிக்கு ஒரு தடவை, பிறகு 24 மணி நேரம் முடியும்வரை மணிக்கு ஒரு தடவை இரத்த அழுத்தத்தையும் நரம்பு நிலையையும் பார்க்க வேண்டும். அழுத்தம் 180/105ஐத் தாண்ட விடக்கூடாது. திடீர் தலைவலி, வாந்தி, மயக்கம் கண்டால் சொட்டு ஏறிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்தி மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். அரிதாகச் சிலருக்கு நாக்கும் உதடும் வீங்கி மூச்சு அடைக்கும். எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது அதிகம் வரும். அடுத்த ஸ்கேன் எடுத்துப் பார்க்கும்வரை, 24 மணி நேரத்துக்கு ஆஸ்பிரினோ ஹெப்பரினோ கூடாது. இவ்வளவையும் கவனிக்க, இரவு முழுவதும் கண் விழித்திருக்கும் ஒரு நர்ஸ் வேண்டும். மருந்தை வாங்கிக் கொடுப்பது எளிது, அந்த நர்ஸை ஆயத்தப்படுத்துவதே கடினம். ஸ்கேனும் இல்லாமல், அந்தக் கவனிப்புக்கு ஆளும் இல்லாமல் ஊசியை மட்டும் வாங்கி வைப்பது ஆபத்தை விலை கொடுத்து வாங்குவதாகும்.

வீட்டிலேயே தொடங்கும் பாதுகாப்பு

ஊசி போடலாமா என்று தீர்மானிக்கும் டாக்டர் முதலில் கேட்பது, "கடைசியாக எப்போது நன்றாயிருந்தார்?" என்பது. எப்போது கண்டீர்கள் என்பது வேறு, எப்போது நன்றாயிருந்தார் என்பது வேறு. இரவு பத்து மணிக்கு நன்றாய்ப் படுத்தவர் காலை ஐந்து மணிக்குக் கை தூக்க முடியாமல் எழுந்தால், நேரம் பத்து மணியிலிருந்தே கணக்கு. (எம்.ஆர்.ஐ. வசதியுள்ள இடங்களில் இப்படி விழித்தவர்களிலும் சிலருக்கு ஊசி போடலாம் என்று 2018ல் தெரிந்தது.) "சாயங்காலம் இருக்கும் டாக்டர்" என்ற பதில் போதாது. மாடு கறந்த நேரம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்த நேரம், டி.வி.யில் செய்தி முடிந்த நேரம் என்று ஏதாவது ஒரு குறிப்பு வேண்டும்.

அடுத்து, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? வால்வு நோய்க்காக அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் நம் கிராமங்களில் உண்டு. "இதயத்துக்கு ஏதோ சின்ன மாத்திரை" என்று மட்டும் வீட்டாருக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சின்ன மாத்திரை தெரியாமல் ஊசி போடப்பட்டால் மூளையில் இரத்தம் கசிய வாய்ப்பு அதிகம். அண்மையில் அறுவைச் சிகிச்சை உண்டா, தலையில் அடிபட்டதா, இரத்த வாந்தி உண்டா, சர்க்கரைக்கு இன்சுலின் போட்டாரா என்பவையும் கேட்கப்படும். ஆகையால் நோயாளியோடு ஆம்புலன்ஸில் ஏற வேண்டியவர் உடல் பலம் உள்ளவர் அல்ல, இவற்றுக்குப் பதில் தெரிந்தவர். பெரும்பாலும் அது மனைவியோ மருமகளோதான். ஆண்கள் ஏறிக்கொண்டு அவர்களை வீட்டில் விட்டுவிடுவது நம்மிடம் உள்ள வழக்கம்.

மருத்துவமனைக்கு வருமுன் கொடுக்கப்படும் மருந்துகளே பல நேரங்களில் கெடுதல் செய்கின்றன. நல்ல எண்ணத்தோடு ஆஸ்பிரின் மாத்திரையைக் கரைத்து வாயில் ஊற்றுகிறார்கள். மாரடைப்புக்கு அது சரி. பக்கவாதத்தில், கசிவா அடைப்பா என்று தெரியுமுன் அது கூடாது. மேலும் தொண்டை வலுவிழந்திருக்கும்போது எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போகும். தண்ணீர், சோடா, காப்பி, மாத்திரை எதுவும் வேண்டாம். புறா இரத்தத்தைத் தடவுவது ஒரு பழைய வழக்கம். தடவுவதால் வரும் கெடுதலைவிட, புறாவைத் தேடிப் போகும் இரண்டு மணி நேரமே பெரிய கெடுதல். நாமும் நம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டும். போதகரை வரவழைத்து ஜெபித்துவிட்டுக் கிளம்புவோம் என்று காத்திருக்கும் விசுவாசக் குடும்பங்கள் உண்டு. 108 வண்டி போய்க்கொண்டிருக்கும்போதும் ஜெபிக்கலாம், போதகரும் வண்டியிலேயே ஏறிக்கொள்ளலாம்.

இரத்த அழுத்தத்தைக் குறித்து ஒரு வார்த்தை. முன்பெல்லாம் 200/110 என்று கண்டவுடன் நிஃபெடிபின் மாத்திரை உறையை உடைத்து நாக்கின்கீழ் வைப்பது வழக்கமாயிருந்தது. அழுத்தம் சட்டென்று இறங்கும், பார்க்கிறவர்களுக்குத் திருப்தியாயிருக்கும். 1996லேயே அமெரிக்க மருத்துவர்கள் இதை நிறுத்தும்படி பகிரங்கமாக எழுதினார்கள். அடைபட்ட வாய்க்காலுக்குக் கீழே வாடும் பயிருக்குக் கொஞ்சமாவது தண்ணீர் கசிவது, கண்மாயின் நீர்மட்டம் உயர்ந்திருப்பதால்தான். மட்டத்தை இறக்கினால் அதுவும் நின்றுபோகும். கரைக்கும் ஊசி போடப்போகிறவருக்கு 185/110க்குக் கீழே மெதுவாகக் கொண்டுவர வேண்டும். ஊசி இல்லாதவருக்கு, வேறு அவசரக் காரணம் இல்லையென்றால், 220/120 வரைகூட முதல் நாளில் தொடாமல் விடுவதே பொதுவான விதி. அழுத்த மாத்திரையின் வேலை பிறகு வருகிறது, வாழ்நாள் முழுவதும் வருகிறது.

சிறிய மருத்துவமனை செய்யக்கூடியது

புதுக்கோட்டை மாவட்டத்தின் பூகோளத்தை மனதில் வையுங்கள். கிழக்கே மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் கடற்கரை. மேற்கே விராலிமலை, பொன்னமராவதி. 2017 முதல் புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நடைபெறுகிறது. அதற்கு முன் பலருக்கும் ஏறக்குறைய 50 கி.மீ. தள்ளியுள்ள திருச்சியோ அல்லது தஞ்சாவூரோதான் கதி. 108 வண்டி 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடுகிறது. ஆகவே நேரத்தை வெல்ல வழியிருக்கிறது. வழியில் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் இறங்கி ஏறினால் அது தொலைந்துபோகும்.

ஸ்கேன் இல்லாத மிஷன் மருத்துவமனைக்கு இப்படி ஒருவர் வந்தால் பத்து நிமிடத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. அந்தப் பத்து நிமிடத்தில் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கலாம். சர்க்கரை மிகவும் இறங்கியவர் பக்கவாதம் போலவே கிடப்பார். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வயலுக்குப் போனவர், குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்காருவதுண்டு. சர்க்கரை இறங்காதவருக்கு அதே குளுக்கோஸ் பாட்டில் கெடுதல். அவருக்கு வேண்டுமானால் உப்பு நீர். பிறகு எடையும் அழுத்தமும் பார்த்து, கையில் ஊசிக்குழாய் பொருத்தி, நேரத்தையும் மருந்துப் பட்டியலையும் ஒரு சீட்டில் எழுதி, பெரிய மருத்துவமனைக்கு போன் செய்து அனுப்ப வேண்டும். "ஒரு பாட்டில் ஏற்றிவிட்டு அனுப்புவோம்" என்பது கனிவாய்த் தோன்றும், ஆனால் மூளை அணுக்களுக்குக் கனிவு அல்ல. கரைக்கும் ஊசிக்குரிய நேரம் தவறிப்போயிருந்தாலும் ஸ்கேன் வேண்டும்.

ஸ்கேன் முடிந்து, கசிவு இல்லையென்று தெரிந்து, நேரம் தவறியதால் ஊசி பெற முடியாமல் போனவர்களே நம் பகுதியில் அதிகம். அவர்களுக்கு ஒன்றுமில்லையா? 1997ல் இரண்டு பெரிய ஆராய்ச்சிகள் வெளிவந்தன. ஒன்று 36 நாடுகளில், ஒன்று சீனாவில். இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 40,000 நோயாளிகள். முதல் 48 மணி நேரத்துக்குள் ஆஸ்பிரின் தொடங்கினால் ஆயிரம் பேரில் ஒன்பது பத்துப் பேர் மரணத்திலிருந்தோ அடுத்த பக்கவாதத்திலிருந்தோ தப்புகிறார்கள் என்று தெரிந்தது. ஆயிரத்தில் பத்து என்பது சிறிதாகத் தோன்றலாம். டீ விலையைவிடக் குறைந்த மாத்திரை அது.

இலேசான பக்கவாதத்தில் ஆஸ்பிரினோடு குளோப்பிடோகிரெல் சேர்த்துக் கொடுப்பது 2013க்குப் பின் வழக்கமானது. மூன்று வாரத்தில் இரண்டில் ஒன்றை நிறுத்த வேண்டும். நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல், அதே சீட்டைக் காட்டி மாதக்கணக்காய் இரண்டையும் வாங்கிச் சாப்பிட்டு, வயிற்றில் இரத்தப் போக்கோடு வருகிறவர்கள் உண்டு. வெளியே அனுப்பும்போது சீட்டில் "இந்தத் தேதியோடு இதை நிறுத்தவும்" என்று தமிழில் எழுதுவதற்கு ஒரு பைசா செலவில்லை.

விலையுயர்ந்த ஊசிகளைக் குறித்தும் சொல்ல வேண்டும். மூளைக்குச் சத்து என்று சிட்டிகோலின் ஊசியை நாட்கணக்காய் ஏற்றுவது பரவலாக உள்ளது. 2012ல் 2298 நோயாளிகளிடம் செய்த ஆராய்ச்சியில் அதனால் பலன் எதுவும் காணப்படவில்லை. நகையை அடகு வைத்து அதை வாங்கும் குடும்பங்களுக்கு இதைச் சொல்வதும் ஒரு ஊழியமே. உங்கள் காணிக்கைப் பணம் அதற்குச் செலவழிக்கப்படக்கூடாது.

அப்படியானால் எதற்குச் செலவழிக்கலாம்? ஆஸ்திரேலியாவில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2011ல் வெளிவந்தது. புதிய மருந்து எதுவும் அதில் இல்லை. முதல் மூன்று நாட்களுக்கு மூன்று காரியங்களை நர்ஸுகளே பொறுப்பேற்றுக் கவனித்தார்கள்: காய்ச்சல் கண்டால் பாரசிட்டமால், சர்க்கரை ஏறினால் இன்சுலின், எதையும் வாயில் கொடுக்குமுன் விழுங்கும் திறனைச் சோதித்தல். மூன்று மாதத்துக்குப் பின் பார்த்தபோது, வழக்கமான பராமரிப்புப் பெற்ற பிரிவுகளில் நூற்றுக்கு 58 பேர் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தார்கள். இந்த ஒழுங்கைப் பின்பற்றிய பிரிவுகளில் 42 பேர். நூற்றுக்குப் பதினாறு பேர் வித்தியாசம்! தெர்மாமீட்டர், சர்க்கரை பார்க்கும் பட்டைகள், ஒரு கரண்டித் தண்ணீர், பயிற்சி பெற்ற நர்ஸ். தீவிர நிலை தாண்டித் திரும்பி வரும் நோயாளிகளை வைத்துப் பார்க்கும் சிறிய மருத்துவமனைக்கும் இது எட்டாததல்ல. ஊசி வாங்கக் கேட்ட அந்தச் சபைக்கு நான் காட்ட விரும்புவது இதையே.

நம் மிஷன் மருத்துவமனைகளுக்கு இந்தத் துறை புதியதும் அல்ல. இந்தியாவின் முதல் நரம்பியல் துறை 1949ல் டாக்டர் ஜேக்கப் சாண்டியால் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பட்டது. 1894ல் டாக்டர் எடித் பிரவுன் அம்மையார் லூதியானாவில் ஆரம்பித்த ஊழியத்திலிருந்து வளர்ந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜெயராஜ் பாண்டியன் பக்கவாத ஆராய்ச்சியை நடத்தி வருகிறார். அவர் 2024ல் உலகப் பக்கவாத அமைப்பின் தலைவரானார். அவரும் உடன் ஊழியரும் 31 மருத்துவமனைகளில் 4298 நோயாளிகளைச் சேர்த்து, அவர்களில் பாதிப் பேருக்குக் குறுஞ்செய்தி, காணொளி, கையேடு ஆகியவற்றின் மூலம் மருந்தை விடாமல் சாப்பிடக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டில் மறு தாக்குதல் குறையவில்லை. ஆனால் மருந்தை ஒழுங்காய்ச் சாப்பிட்டவர்களும், புகையும் குடியும் விட்டவர்களும் கூடினார்கள். எதிர்பார்த்த பலன் வராததையும் 2023ல் அப்படியே வெளியிட்டார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

வீடு திரும்பிய பிறகு

அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் தீர்ந்தவுடன் நிறுத்திவிடுவதே அடுத்த தாக்குதலுக்குப் பெரிய வாசல். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இவை வீட்டுக்கே வருகின்றன. நம் சபையார் தங்கள் தெருவில் யார் பெயர் அதில் விடுபட்டிருக்கிறது என்று பார்த்துச் சொன்னாலே உதவி.

வாத வால்வு நோயால் இதயத் துடிப்பு ஒழுங்கற்றவர்களின் நிலை இன்னும் கடினம். இவர்களில் இளம் தாய்மார் அதிகம். வார்ஃபரின், அசிட்ரோம் கொஞ்சம் குறைந்தால் கட்டி, கொஞ்சம் கூடினால் இரத்தக் கசிவு. புதிய விலையுயர்ந்த மாத்திரை இதைவிட நல்லதாயிருக்கும் என்று எண்ணினார்கள். இந்தியா உட்பட 24 நாடுகளில் 4500க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தபோது, இவர்களுக்குப் பழைய மாத்திரையே மேல் என்று 2022ல் தெரிந்தது. ஆனால் அதற்கு ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை அடிக்கடி வேண்டும். அதற்காக ஒரு நாள் கூலியை விட்டுப் பேருந்து ஏறி வர வேண்டும். அந்தப் பேருந்துக் கட்டணத்தைத் தாங்குவது சிறிய காணிக்கையில் ஆகக்கூடியது. இவர்கள் மூட்டு வலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்கிச் சாப்பிடக்கூடாது என்பதையும் யாராவது திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

சொன்னால் கேட்பார்களா என்று சந்தேகப்படுகிறவர்கள், 1991ல் இந்த மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தை நினைத்துக்கொள்ளட்டும். எழுத்தறியாத பெண்கள் எழுத்தும் கற்று, ஆயிரக்கணக்கில் சைக்கிளும் ஓட்டப் பழகினது இதே புதுக்கோட்டையில்தான். முகம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்க முடிகிறதா, பேச்சு குழறுகிறதா, இவற்றில் ஒன்று கண்டாலும் நேரத்தைப் பார்த்து 108ஐக் கூப்பிடு என்பது அதைவிடக் கடினமான பாடம் அல்ல. பெண்கள் ஐக்கியச் சங்கக் கூட்டத்தில் பத்து நிமிடம் போதும்.

அதோடு, வீட்டில் பெரியவர்கள் இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் இந்த வாரமே ஒரு சீட்டு எழுதி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், அளவு, எந்த மாத்திரையாவது இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கப்பட்டதா என்பது, கடைசியாகப் பார்த்த எடை, நடந்த அறுவைச் சிகிச்சைகள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள். மாத்திரை மாறும்போது சீட்டையும் மாற்றுங்கள். பீரோவுக்குள் பூட்டி வைக்காமல், ரேஷன் கார்டு இருக்கும் உறையிலேயே வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.